நெல்லிக்காய், சின்ன வெங்காயம், மட்டை அரிசி: கொழுப்பு செல்லின் அடிபோனெக்டின் உண்மையில் எதனால் கூடும்?

கொழிஞ்சாம்பாறை_உயிர்வேதி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. முதுகலைத் திட்டப்பணிக்காகக் கேட்கிறேன்: கொழுப்பு செல் சுரக்கும், இன்சுலினுக்கு உதவும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் எதனால் கூடும் என்று பார்க்கிறோம். பாலக்காட்டு எல்லைப் பக்கம் அன்றாடம் புழங்கும் மூன்று பொருள்களை எடுத்திருக்கிறோம்: நெல்லிக்காய், சின்ன வெங்காயம், தீட்டாத மட்டை அரிசி. 70% எத்தனாலில் சாறெடுத்து, உலர்த்தி, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 3டி3-எல்1 என்ற, கொழுப்பு செல்லாக முதிரக்கூடிய எலி செல்களுக்கு மி.லி.க்கு 50, 100, 200 மைக்ரோகிராம் கொடுத்தோம். முதிர்ச்சியைத் தூண்டும் முதல் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை சாறு இருந்தது.

கிடைத்தவை இவை. கொழுப்புத் துளிக்கு நிறமேற்றும் ஆயில் ரெட் ஓ சாயம் மூன்றிலும் குறைகிறது. உயிருள்ள செல் ஊதா நிறம் தரும் எம்டிடி சோதனையில் நெல்லி கொடுத்த செல்கள் கட்டுப்பாட்டுக் குழுவைவிட அதிகம் உயிரோடு இருப்பதாகக் காட்டுகிறது. அடிபோனெக்டின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய உதவும் மரபணு நகல்) வெங்காயத்திலும் அரிசியிலும் குறைகிறது. நெல்லியில் 50-ல் சற்றுக் கூடி 200-ல் விழுகிறது. செல் வளரும் திரவமான மீடியத்தில் எலைசா (ஆன்டிபாடி கொண்டு புரத அளவு பார்க்கும் சோதனை) போட்டால் 50-ல் வித்தியாசமே இல்லை, நெல்லி 200-ல் அளவு அடியோடு படுத்துவிடுகிறது. கொழுப்பு செல்லின் இன்னொரு ஹார்மோனான லெப்டின், சோதனைக் கிட்டின் கீழ்வரம்பைக்கூடத் தொடவில்லை.

எங்கே தப்பு? சாற்றுக்குப் பதில் வளர்சிதைப் பொருளைக் கொடுப்பதானால் எதை, எந்த அளவில்? பிறகு ஆட்களின் இரத்தத்தில் பார்ப்பதானால் எதையெல்லாம் கவனிக்கணுங்க?

---

செல்வளர்ப்பு_மேசை எழுதியது:

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்ங்க. முதலில் சாறு சேர்த்த நாள். அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

அடிபோனெக்டினைச் சுரப்பது முதிர்ந்த கொழுப்பு செல். முதல் நாளிலேயே சாற்றை ஊற்றினால் செல் முதிர்வதே தடைபடும். முதிர்ச்சியை நடத்தும் புரதங்களான பிபிஏஆர்-காமாவும் சி/ஈபிபி-ஆல்ஃபாவும் ஏறாது. சாயம் குறைவதும் அடிபோனெக்டின் குறைவதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். "கொழுப்பைக் குறைக்கிறது" என்று இதைக் கொண்டாடி எழுதும் கட்டுரைகள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொழுப்பு செல்லே சரியாக உருவாகாத லிப்போடிஸ்ட்ரோபி நோயாளிகளுக்கு லெப்டினும் அடிபோனெக்டினும் அடிமட்டத்தில் இருக்கும், கல்லீரலில் கொழுப்பு சேரும், கடுமையான சர்க்கரை நோய் வரும். கொழுப்பு போய்ச் சேர இடமில்லாமல் போவது நன்மை இல்லை.

ஆகவே செல்களை முதலில் முழுதாக முதிர விடுங்கள். கன்றுக்குட்டி சீரம் 10% கலந்த டிஎம்இஎம் மீடியத்தில் வளர்த்து, தட்டு நிரம்பியபின் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அதன்பின் முதிர்ச்சியைத் தூண்ட, 10% எஃப்பிஎஸ் (மாட்டுக் கருவின் சீரம்) மீடியத்தில் ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார், டெக்சாமெத்தசோன் 1 மைக்ரோமோலார், இன்சுலின் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். இரண்டு நாள் கழித்து இன்சுலின் மட்டும், இன்னும் இரண்டு நாள் கழித்து வெறும் எஃப்பிஎஸ் மீடியம். எட்டாம் நாள் 80-90% செல்களில் துளிகள் தெரிந்தால் அன்று பொருளைச் சேருங்கள், 24 அல்லது 48 மணி. துளிகள் பாதிக்கும் கீழ் என்றால் அந்தத் தட்டை வைத்து எந்த முடிவும் எழுத வேண்டாம். பெரும்பாலும் காரணம், செல்லைப் பிரித்து வளர்க்கும்போதே தட்டு நிரம்பும் வரை விட்டிருப்பார்கள். 70%க்கு மேல் போகவே கூடாது. அதிகம் பிரித்துப் பிரித்து வளர்த்த செல்லையும் எடுக்கக் கூடாது.

எம்டிடி: நெல்லியில் வைட்டமின் சி-யும் துவர்ப்பு தரும் டானினும் கனமாக இருக்கின்றன. இரண்டும் செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை நேராக ஒடுக்கி ஊதா நிறம் தரும். சாறும் மீடியமும் மட்டும் உள்ள குழி ஒன்று வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். செல்லை இருமுறை பிபிஎஸ் உப்புக்கரைசலில் கழுவியபின் எம்டிடி போடுங்கள், அல்லது கிரிஸ்டல் வயலெட் சாயம், எல்டிஎச் (செத்த செல் கசியவிடும் நொதி) இரண்டையும் பாருங்கள். ஃபோலின் முறையில் நெல்லியின் மொத்த பாலிஃபீனால் (டானினும் சேர்ந்த தாவரப் பொருள் குடும்பம்) அளந்திருந்தால் அதிலும் வைட்டமின் சி கலந்துதான் வந்திருக்கும்.

எலைசா: டானின் புரதத்தைப் பிடித்துத் திரளவைக்கும் குணம் உள்ளது. மீடியத்தில் இருக்கும் அடிபோனெக்டினையும் பிடிக்கும், தட்டில் பூசியிருக்கும் ஆன்டிபாடியையும் பிடிக்கும். 200-ல் அளவு படுத்ததற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். செல்லில்லாத மீடியத்தில் தெரிந்த அளவு அடிபோனெக்டினைச் சேர்த்து, சாற்றோடும் சாறில்லாமலும் அளந்து பாருங்கள். 80-120% திரும்பக் கிடைக்கவில்லை என்றால் அந்த எலைசா எண்கள் செல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்னொன்று, எஃப்பிஎஸ்ஸிலேயே மாட்டு அடிபோனெக்டின் இருக்கிறது. கடைசி 24 மணி நேரம் சீரம் இல்லாமல் 0.5% பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) கலந்த மீடியத்தில் வைத்து, அந்த மீடியத்தை எடுங்கள்.

லெப்டின் வராதது உங்கள் பிழை இல்லை. 3டி3-எல்1 செல் உடலிலிருந்து நேராகப் பிரித்தெடுத்த கொழுப்பு செல்லோடு ஒப்பிட்டால் லெப்டினை மிகக் குறைவாகவே சுரக்கும். லெப்டின் வேண்டுமானால் மனித எஸ்ஜிபிஎஸ் செல் அல்லது முதன்மைக் கொழுப்பு செல் தேவை. ரெசிஸ்டின் என்ற ஹார்மோனையும் அளக்க நினைத்தால் விட்டுவிடுங்கள். எலியில் அது கொழுப்பு செல்லிலிருந்து வருகிறது, மனிதரில் பெரும்பாலும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்லிலிருந்து. எலி செல்லில் ரெசிஸ்டின் குறைந்ததை வைத்து ஆளுக்கு எதுவும் சொல்ல முடியாது.

---

குடலும்_கல்லீரலும் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் அதற்கும் முந்திய இடத்தைப் பார்க்கிறேன். தின்ற பொருள் அப்படியே கொழுப்பு செல்லுக்குப் போவதில்லை. குடல் நுண்ணுயிரும் குடற்சுவரும் கல்லீரலும் மாற்றி அனுப்பியதுதான் போகிறது. எத்தனால் சாற்றை நேராகச் செல் மேல் ஊற்றுவது உடலில் ஒருநாளும் நடக்காத காட்சி.

சின்ன வெங்காயம். இதில் குவெர்செட்டின் என்ற பாலிஃபீனால் குளுக்கோஸோடு சேர்ந்து இருக்கிறது. சிறுகுடலின் லாக்டேஸ்-ஃப்ளோரிசின் ஹைட்ரோலேஸ் நொதி சர்க்கரையை வெட்டும். உடனே குடற்சுவரும் கல்லீரலும் குளுக்குரோனைடு, சல்ஃபேட், மெத்தில் ஒட்டிவிடும். இரத்தத்தில் ஓடுவது குவெர்செட்டின்-3-குளுக்குரோனைடு, குவெர்செட்டின்-3'-சல்ஃபேட், ஐசோராம்னெட்டின் குளுக்குரோனைடு. வெறும் குவெர்செட்டின் கிட்டத்தட்ட இருக்காது. வெங்காயம் தாராளமாகச் சேர்ந்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் வரும், மைக்ரோமோலார் ஒன்றை ஒட்டி. பல மணி நேரம் தங்கும் என்பதால் தினமும் தின்றால் கொஞ்சம் சேரும். குவெர்செட்டினின் ருட்டின் வடிவம் பெருங்குடல் வரை போக வேண்டும், உச்சம் ஆறு மணி நேரம் கழித்து. செல்லில் 50 மைக்ரோமோலார் வெறும் குவெர்செட்டின் கொடுத்து வந்த முடிவை வெங்காயத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நெல்லிக்காய். இதிலுள்ள எல்லாஜிடானின் வகை டானின்களில் பெரும்பங்கு முழுதாக உறிஞ்சப்படாது. எல்லாஜிக் அமிலமாக உடைந்து பெருங்குடலுக்குப் போய், அங்கே நுண்ணுயிர் படிப்படியாக யூரோலித்தின்களாக்கும். கோர்டோனிபாக்டர் என்ற நுண்ணுயிர் யூரோலித்தின்-சி வரை கொண்டு போகும், அதிலிருந்து யூரோலித்தின்-ஏ ஆக்க வேறு நுண்ணுயிர் வேண்டும். ஆளுக்கு ஆள் வேறுபாடு இங்கேதான் பெரிது. சிலருக்கு யூரோலித்தின்-ஏ மட்டும் வரும், சிலருக்கு ஐசோயூரோலித்தின்-ஏயும் யூரோலித்தின்-பியும் கலந்து வரும், சிலருக்கு எதுவுமே வராது. ஒரே நெல்லிக்காயை மூன்று பேர் தின்றால் மூன்று விதப் பொருள் அவர்கள் கொழுப்பு செல்லைத் தொடும். இரத்தத்தில் குளுக்குரோனைடாக, பெரும்பாலும் சில மைக்ரோமோலாருக்குள்.

மட்டை அரிசி. சிவப்பு நிறம் தவிட்டிலுள்ள புரோஆந்தோசயனிடின் (சங்கிலியாகக் கோர்த்த டானின்). தீட்டினால் போய்விடும், ஆகவே எவ்வளவு தீட்டிய அரிசி என்று குறிக்காத ஆய்வுக்கு மதிப்பில்லை. பெரிய சங்கிலிகள் உறிஞ்சப்படாது. சிறியவற்றிலிருந்து பெருங்குடலில் ஃபினைல்-காமா-வலேரோலாக்டோன்களும் பின்பு சிறு ஃபீனாலிக் அமிலங்களும் வரும். கறுப்பு அரிசியும் நாவற்பழமும் வேறு வகை, அவற்றில் சயனிடின்-3-குளுக்கோசைடு. அது உடைந்தால் புரோட்டோகேட்டெகுயிக் அமிலம். மனித வயிற்றுக் கொழுப்பு செல்லில் இந்த அமிலம் பிபிஏஆர்-காமாவைத் தூண்டி இன்சுலின் போல வேலை செய்வதை 2011-ல் இத்தாலியக் குழு ஒன்று காட்டியிருக்கிறது. கொடுத்த அளவு இரத்த அளவைவிட மிக அதிகம் என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

அளவு போட ஒரு கணக்கு. யூரோலித்தின்-ஏயின் மூலக்கூறு எடை 228. 2.28 மி.கி.யை 1 மி.லி. டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார். மீடியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1%. ஒரு மைக்ரோமோலார் வேண்டுமானால் முதலில் டிஎம்எஸ்ஓவிலேயே பத்து மடங்கு நீர்த்துவிட்டு அதே ஆயிரத்தில் ஒரு பங்கு சேருங்கள். அப்போதுதான் எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு இருக்கும். 0.1, 1, 10 மூன்றும் போதும். 10-ல் மட்டும் விளைவு வந்தால் அதை அப்படியே எழுதுங்கள்.

குளுக்குரோனைடு வடிவமும் வெறும் வடிவமும் இரண்டையும் வையுங்கள். குளுக்குரோனைடு செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆனால் வீக்கம் (அழற்சி) உள்ள திசுவில் மேக்ரோபேஜின் பீட்டா-குளுக்குரோனிடேஸ் அதை வெட்டி வெறும் வடிவத்தை அங்கேயே விடுவிக்கும். பருமனானவர்களின் கொழுப்புத் திசுவில் மேக்ரோபேஜ் நிறைய. அதனால் கொழுப்பு செல் மட்டும் உள்ள தட்டு இந்தக் கதையில் பாதியைத்தான் காட்டும். மேக்ரோபேஜோடு சேர்த்து வளர்த்தால்தான் மீதி தெரியும்.

---

கொழிஞ்சாம்பாறை_உயிர்வேதி எழுதியது:

ரொம்ப நன்றிங்க அண்ணா, ரெண்டு பேருக்கும். ஒரு சந்தேகம்: நெல்லி 50-ல் எம்ஆர்என்ஏ கூடியும் மீடியத்தில் ஏன் கூடவில்லை? அந்த அளவில் டானின் எலைசாவைக் கெடுக்காது என்றால் வேறு என்ன இருக்கும்?

---

செல்வளர்ப்பு_மேசை எழுதியது:

எம்ஆர்என்ஏவுக்கும் சுரப்புக்கும் நடுவே நீண்ட வழி இருக்கிறது. அடிபோனெக்டின் மூன்று மூன்றாகச் சேர்ந்து, ஆறாகி, பிறகு பன்னிரண்டும் அதற்கு மேலுமாகப் பெருந்திரள் வடிவம் ஆகும். இன்சுலினுக்கு உதவுவது பெரும்பாலும் இந்தப் பெருந்திரள்தான். செல்லுக்குள் புரதம் மடியும் எண்டோபிளாச வலையில் ஈஆர்பி44 என்ற புரதம் அதைப் பிடித்து வைக்கும், ஈரோ1 ஆல்ஃபா விடுவிக்கும், டிஎஸ்பிஏ-எல் கோர்க்க உதவும். ரெஸ்வெராட்ரால் என்ற பாலிஃபீனால் இந்த டிஎஸ்பிஏ-எல் வழியாகப் பெருந்திரளைக் கூட்டும் என்று செல்லில் காட்டியிருக்கிறார்கள். எம்ஆர்என்ஏ, மொத்த எலைசா இரண்டை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

பெருந்திரள் பார்க்க ஜெல்லை மாற்றி ஓட்டுங்கள். மாதிரியில் மெர்காப்டோஎத்தனாலோ டிடிடியோ சேர்க்கக் கூடாது, கொதிக்க வைக்கக் கூடாது. மூன்று பட்டைகள் தனித்தனியாகத் தெரியும். பெருந்திரள் 300 கிலோடால்டனுக்கு மேல் நிற்கும், 4-15% சரிவு ஜெல் நல்லது. பழக்கதோஷத்தில் மெர்காப்டோஎத்தனால் சேர்த்து மாதிரியைக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் 30 கிலோடால்டனில் வந்து ஒன்றாகிவிடும்.

நெல்லிக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். அடிபோனெக்டினின் கொலாஜன் போன்ற பகுதியில் லைசினும் புரோலினும் ஹைட்ராக்சிலேற்றம் ஆக வைட்டமின் சி வேண்டும். வழக்கமான டிஎம்இஎம்மில் வைட்டமின் சி கிடையாது. மனித கொழுப்பு செல்லில் அஸ்கார்பேட் மட்டும் சேர்த்தாலே பெருந்திரள் சுரப்பு கூடுகிறது. ஆக நாளைக்கு நெல்லியில் பெருந்திரள் கூடினால் அது பாலிஃபீனாலின் வேலையா வைட்டமின் சி-யின் வேலையா என்று கேள்வி வரும், வந்தே தீரும். சாற்றில் உள்ள அதே அளவு வைட்டமின் சி மட்டும் கொடுத்த குழி கட்டாயம். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் மீடியத்தில் சீக்கிரம் சிதையும், அஸ்கார்பேட்-2-பாஸ்பேட் வாங்குங்கள். எதிர்ப்பக்கக் கட்டுப்பாடாகச் சாற்றை, டானினைப் பிடிக்கும் பிவிபிபி பொடியில் கலக்கி வடித்து டானினை எடுத்துவிட்டு அதையும் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் விளைவு அப்படியே இருந்தால் டானினைக் காரணம் சொல்ல முடியாது.

தேயிலைச் சாறு பக்கம் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தேயிலையின் பாலிஃபீனாலான இஜிசிஜி மீடியத்தில் அரை மணிக்குள் பாதியாகி ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த குழியில் விளைவு மறைந்தால் அது பெராக்சைடின் விளைவு. மஞ்சளின் குர்குமின் சீரம் இல்லாத மீடியத்தில் அரை மணியில் பெரும்பாலும் சிதைந்துவிடும், தானே ஒளிர்வதால் ஃப்ளோரசன்ஸ் சோதனையையும் குழப்பும்.

---

வேலந்தாவளம்_மருத்துவர் எழுதியது:

அம்மணி, ஆட்களின் இரத்தத்தில் பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீங்க. அதை மட்டும் சொல்றேன்.

லெப்டின் நேரத்துக்கு நேரம் மாறும். நள்ளிரவை ஒட்டி உச்சம், பகலில் குறைவு. பட்டினி இருந்தால் உடம்புக் கொழுப்பு குறைவதற்கு முன்னாடியே லெப்டின் சரிந்துவிடும். ஆகவே எல்லாருக்கும் 10-12 மணி நேர இராப் பட்டினி, காலை 8-9 மணிக்குள் இரத்தம். விரதம் இருந்தவர், காய்ச்சல் வந்து எழுந்தவர் அன்றைக்கு வேண்டாம். பெண்களுக்கு லெப்டினும் அடிபோனெக்டினும் ஆண்களைவிட அதிகம், சேர்த்துச் சராசரி போடாதீங்க. அடிபோனெக்டின் மி.லி.க்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும், லெப்டின் நானோகிராமில். ஒரே நீர்ப்பில் இரண்டையும் அளக்க முடியாது. ஒரே மாதிரியை இரண்டு மூன்று நீர்ப்பில் அளந்து, பெருக்கினால் ஒரே விடை வருதான்னு முதல்ல பாருங்க.

யாரைச் சேர்க்கக் கூடாது? பையோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து சாப்பிடுறவங்களுக்கு அடிபோனெக்டின் இரண்டு மூன்று மடங்கு ஏறியிருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஏறியிருக்கும், அது நல்லதுக்கான ஏற்றம் இல்லை. எடை குறைந்தாலும் ஏறும். அதனால் ஆய்வுக்காலம் முழுக்க எடையும் இடுப்பளவும் குறிக்காவிட்டால், நெல்லிக்காய் ஏற்றியதா எடை இறங்கியதால் ஏறியதா என்று பிரிக்கவே முடியாது.

நெல்லி கொடுத்தால் 24 முதல் 48 மணி நேரச் சிறுநீரில் யூரோலித்தின் பார்த்து ஆட்களை வகை பிரிச்சுக்குங்க. முதலில் பீட்டா-குளுக்குரோனிடேஸ், சல்ஃபடேஸ் கொண்டு வெட்டிட்டு அளக்கணும். முந்தின மூணு நாள் மாதுளை, நெல்லி, கடுக்காய், திரிபலா எதுவும் கூடாது. சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தவரை விட்டுடுங்க. இந்த வகைப்பிரிவு செய்யாத சோதனையில் பலன் பெற்றவரும் பெறாதவரும் ஒருவரை ஒருவர் சமன்செய்து "ஒன்றுமில்லை" என்று வரும்.

மனிதச் சோதனைகள் இரண்டு பக்கமும் இருக்கு. தாய்லாந்தில் 2012-ல் வெளியான சோதனையில் சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 240 பேர், தினம் 1.5 கிராம் குர்குமினாய்டு, 9 மாதம். மருந்தில்லாத குழுவில் 16.4% பேருக்கு சர்க்கரை நோய் வந்தது, குர்குமின் குழுவில் ஒருவருக்கும் வரல, அடிபோனெக்டினும் ஏறியிருந்தது. இவ்வளவு நல்ல முடிவு வந்தால் வேறு இடத்திலும் அதே வருமா என்று காத்திருந்துதான் நம்பணும். டென்மார்க்கில் 2013-ல் பருமனான 24 ஆண்களுக்கு தினம் 1.5 கிராம் ரெஸ்வெராட்ரால் நாலு வாரம் கொடுத்ததில் இன்சுலின் உணர்திறன் மாறவே இல்லை.

இதைப் படிச்சுட்டு மாத்திரை வாங்க ஓடுறவங்களுக்கு ஒண்ணு. மஞ்சளும் மிளகும் சேர்ந்த குழம்பு வேறு, குர்குமினும் பைப்பரினும் அடைத்த கேப்சூல் வேறு. பெங்களூரில் 1998-ல் செய்த சோதனையில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது இரத்த அளவு 20 மடங்கு ஏறியது. அதே பைப்பரின் வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மருந்தின் அளவையும் ஏற்றும். கேப்சூல் சாப்பிட்டு கல்லீரல் பாதித்தவர்கள் பற்றிய பதிவுகள் உண்டு. பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரையில் தினம் 800 மி.கி.க்கு மேல் இஜிசிஜி போனால் கல்லீரல் நொதிகள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொல்லியிருக்கு. இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு டீ குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உறிஞ்சாது.

---

நெல்லும்_தவிடும் எழுதியது:

எல்லாரும் இரத்தத்துக்குள் போனதை மட்டும் கணக்கில் எடுக்கிறீர்கள். குடலைத் தாண்டாத பெரிய டானின் வீண் என்று ஆகிவிடாது. அது குடலிலேயே மாவு உடைக்கும் நொதியைத் தடுக்கும், நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றும். எலிகளில் பாலிஃபீனால் கொடுத்தால் அக்கெர்மன்சியா என்ற குடல் நுண்ணுயிர் பெருகுவதைப் பலர் காட்டியிருக்கிறார்கள். குடற்சுவர் கசிவு குறைந்தால் இரத்தத்தில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நஞ்சு) குறையும், கொழுப்புத் திசுவில் வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபா இறங்கும், அது இறங்கினால் அடிபோனெக்டினுக்கு இருந்த தடை விலகும். இந்த வழியில் ஒரு மூலக்கூறுகூடக் கொழுப்பு செல்லைத் தொட வேண்டியதில்லை. மட்டை அரிசிக்கு இதுவே முக்கிய வழி என்பது என் கணிப்பு. அதைத் தட்டில் வளர்த்த செல்லில் சோதிக்க முடியாது. திட்டப்பணியில் அரிசியை விட்டுவிட்டு மற்ற இரண்டோடு நிறுத்துவது நல்லது.

எண்டோடாக்சின் பற்றிப் பேசும்போது: வயலிலிருந்து வந்த பொருளின் சாற்றில் அதுவே கலந்திருக்கும். எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை செய்யாமல் மேக்ரோபேஜ் தட்டில் சாறு ஊற்ற வேண்டாம்.

சமையல் பக்கம் ஒன்று. சின்ன வெங்காயத்தில் குவெர்செட்டின் வெளி அடுக்குகளில்தான் அடர்த்தி. மேல்தோலோடு இரண்டு அடுக்கு சேர்த்து உரிக்கும் பழக்கத்தில் கணிசமான பங்கு போய்விடும். வேகவைத்தால் தண்ணீரில் இறங்கும். சாம்பார் என்றால் நட்டமில்லை, வடித்துக் கொட்டினால் நட்டம்.

---

செல்வளர்ப்பு_மேசை எழுதியது:

அரிசியை விடுவதில் நானும் உடன்படுகிறேன். அப்படியானால் தட்டு இப்படி வையுங்கள், எட்டாம் நாள் செல், ஒவ்வொன்றும் மூன்று குழி, வேறு வேறு வாரத்தில் மூன்று முறை: டிஎம்எஸ்ஓ 0.1%, ரோசிகிளிட்டசோன் 1 மைக்ரோமோலார், டிஎன்எஃப்-ஆல்ஃபா மி.லி.க்கு 10 நானோகிராம்; அஸ்கார்பேட்-2-பாஸ்பேட்; யூரோலித்தின்-ஏ, அதன் குளுக்குரோனைடு, குவெர்செட்டின்-3-குளுக்குரோனைடு மூன்றும் 0.1, 1, 10 மைக்ரோமோலார். இவற்றையே டிஎன்எஃப்-ஆல்ஃபாவோடு சேர்த்தும் ஒரு தொகுதி வையுங்கள். நலமாக இருக்கும் செல்லில் ஏற்றம் காட்டாத பொருள், வீக்கத்தில் விழுந்த அடிபோனெக்டினை மீட்கக்கூடும்.

ரோசிகிளிட்டசோனில் அடிபோனெக்டின் ஏறவில்லை, டிஎன்எஃப்-ஆல்ஃபாவில் இறங்கவில்லை என்றால் அந்த வாரத் தட்டை அப்படியே தள்ளிவிடுங்கள். மீடியத்தின் அளவை அந்தந்தக் குழியின் டிஎன்ஏவால் வகுத்து எழுதுங்கள். செல் எண்ணிக்கை மாறிய குழியைச் சுரப்பு மாறியதாக எண்ணிவிடக் கூடாது.

---

கொழிஞ்சாம்பாறை_உயிர்வேதி எழுதியது:

புரிஞ்சதுங்க. அரிசியை எடுத்துட்டோம். செல்லில்லாத குழியில் நெல்லிச் சாறும் எம்டிடியும் மட்டும் வைத்துப் பார்த்தோம், இருபது நிமிடத்தில் ஊதா வந்துவிட்டது. எலைசா மீட்புச் சோதனை அடுத்து. பிவிபிபி மி.லி. சாற்றுக்கு எவ்வளவு போடணுங்க?

---

குடலும்_கல்லீரலும் எழுதியது:

மி.லி.க்கு 50 முதல் 100 மி.கி. போட்டுத் தொடங்குங்கள். குளிர்ச்சியில் 15 நிமிடம் கலக்கி, சுழற்றி, மேல்நீரை எடுங்கள். சாறு நீரில் அல்லது குறைந்த எத்தனாலில் இருக்க வேண்டும். டிஎம்எஸ்ஓவில் கரைத்த சாற்றில் போட்டால் டானின் சரியாகப் பிடிக்காது. மேல்நீரில் ஃபெரிக் குளோரைடு ஒரு துளி விட்டுப் பாருங்கள், கருநீலம் வந்தால் இன்னொரு முறை பிவிபிபி போட வேண்டும்.